சைவக் கடையின் தளர்ச்சி

மறைந்தன யாவும் மாண்புடையன என்று எண்ணுதல் மக்கள் இயல்பு. யாழ்ப்பாணத்துச் சைவக் கடைகளைக் குறித்து விழா மலர்களிலும் புலம்பெயர்ந்தோர் வெளியீடுகளிலும் வரும் கட்டுரைகள் பல இவ்வியல்பினின்றே பிறக்கின்றன. வாழையிலையும், ஆவி பறக்கும் இட்டலியும், உழுந்துவடையும், கல்லாப்பெட்டிக்கு மேலிருந்த திருமகள் படமும் அவற்றிலே அன்போடு வருணிக்கப்படுகின்றன. அவ்வன்பு பொய்யன்று, அவ்விலையில் உண்டு வளர்ந்தவருள் இக்கட்டுரையாளனும் ஒருவன். ஆயின், அவ்வருணனை முழுமையானதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சைவக் கடை வெறும் சோற்றுக் கடையன்று. விரதகாரரும், நல்லூருக்கும் மாவிட்டபுரத்துக்கும் செல்லும் அடியாரும், வழக்கின் பொருட்டுப் பட்டினம் வந்தோரும், அறையெடுத்துத் தங்கிய எழுதுவினைஞரும் மச்சம் கலந்ததோ என்னும் ஐயமின்றி உண்ணத்தக்க இடமாக அது விளங்கிற்று. வெளியில் உண்பதைக் குறைவெனக் கருதிய சமூகத்திலே வீட்டு அடுக்களையின் ஒழுக்கத்தைக் கடைத்தெருவுக்குக் கொணர்ந்தமையே அதன் சாதனை எனலாம்.

அச்சாதனை தளர்ந்தமைக்குப் போர் ஒரு காரணம். 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மூண்ட வன்செயலிலே பொது நூலகத்தோடு யாழ்ப்பாணக் கடைவீதியின் ஒரு பகுதியும் எரிந்தது. 1983 யூலையிற் கொழும்பிலே தமிழர் கடைகள் பல சாம்பராயின. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே இடம்பெயர்ந்தபோது அடுப்புகள் மாதக் கணக்கில் அணைந்து கிடந்தன. ஆயினும் போரொன்றே காரணமன்று. விடியுமுன் எழுந்து மா அரைத்தல் முதலாய வேலைகளைக் குடும்பத்தாரே செய்தமையாற்றான் அக்கடைகள் குறைந்த விலைக்கு உணவளித்தன. மகனும் மருமகனும் கனடாவுக்கும் இலண்டனுக்கும் சென்றபின் அவ்வுழைப்புக்கு ஆளில்லை. யாழ் நகரின் மலாயன் கபே போல நெடுங்காலம் நிலைத்தன சில. பெயர்ப்பலகையிலே மட்டும் சைவம் நிற்கப் பிட்டும் சொதியும் போய்ப் பிறநாட்டுப் பண்டங்கள் புகுந்தன பல.

இத்தகைய தளர்ச்சி நமக்கே உரியதன்று. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நியூயோர்க் நகரிற் குடியேறிய யூதர், ‘கோஷர்’ எனப்படும் தம் சமய விதிப்படி இறைச்சியுணவுக் கடைகள் நடத்தினர். இறைச்சியும் பாலும் ஒருங்கு சேரலாகாது என்பது அவ்விதியாதலின், அங்கே உணவோடு பாற்கோப்பி கிடையாது. 1930களில் அந்நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த அக்கடைகள் இன்று மிகச் சிலவாகிவிட்டன. பிள்ளைகள் கற்று வேறு தொழில் புகுந்தனர்; புறநகர்களுக்குப் பெயர்ந்தனர்; கடை வாடகை உயர்ந்தது. 1888 இல் தொடங்கிய காட்ஸ் கடை இன்றும் புகழோடு நிற்கின்றது. ஆனால் அது கோஷர் விதி வழுவாத கடையன்று. சுவை எஞ்ச, விதி கழன்றது.

இரு கதைகளும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. யூதர் கடையின் விதி உண்ணும் பொருளைக் கட்டியது. உண்ண வந்தவனின் பிறப்பை வினவவில்லை. நம் சைவக் கடையோ இரண்டையும் வினவியது. உள்ளே சிலருக்கு இலை போட்டபோது, வெளியே நின்ற சிலருக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் வார்த்தது. 1957 இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. ஆயினும் 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. அதன் பின்னரும் சங்கானை முதலிய ஊர்களிலே தேநீர்க் கடை வாயிலிற் போராட்டம் நிகழ்ந்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்கள் பதிவுசெய்த இவ்வரலாற்றை நம் நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் கூறா. நூலிலே உள்ளது மலரிலே இல்லாமை தற்செயலன்று.

இது சைவத்தின் குறையோ எனின், அன்று. திருநீலநக்க நாயனார் அந்தணர். சம்பந்தர் பணித்தபடி திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர்தம் துணைவியாருக்கும் தம் மனையின் வேள்வித்தீ அருகிலேயே இடமளித்தார். அத்தீ அணையவில்லை, மேலும் ஓங்கி எரிந்தது என்கின்றார் சேக்கிழார். பெரிய புராணத்தைப் பூசையறையில் வைத்துக்கொண்டு போத்தலைக் கடை வாயிலில் வைத்தவர் நாமே.

ஆதலின், சைவக் கடை தளர்ந்தது என்று வருந்துவோர் எதற்காக வருந்துகின்றோம் என்று தெளிதல் வேண்டும். உணவின் தூய்மை, உழைப்பின் செம்மை, விருந்தோம்பும் முகம் ஆகியன தளர்ந்தமை இழப்பே. உண்பவன்மேல் நின்ற கட்டுத் தளர்ந்தமை இழப்பன்று, ஈட்டமாகும்.

1974 முதல் பல்கலைக்கழகம் நிலைபெற்ற திருநெல்வேலியிலே பல ஊர்களிலிருந்தும் வந்த மாணாக்கர் பயில்கின்றனர். தமிழரோடு முஸ்லிம், சிங்கள மாணவரும் உளர். அவர்கள் ஒரே பலகையில் அமர்ந்து பிட்டும் சொதியும் உண்ணும் சைவக் கடை ஒன்றேனும் அவ்விடத்திலே செவ்வனே நடைபெறுமாயின், அதுவே பழையதன் மீட்சியும் பழையதன் கழுவாயும் ஆகும். அத்தகைய கடையைப் பற்றி எழுதும்போது எதனையும் மறைக்க வேண்டியிராது.