கவசம் இருந்தால்தான் தகுதியா?

"பத்து உருவமாவது தேறாத படத்துக்கு ஒன் சிக்ஸ்த் பொம்மை எதற்கு?" சேகரிப்பாளர்கள் நாலு பேர் கூடினால் இன்று இந்தக் கேள்வி ஒரு சட்டம் மாதிரி வந்து விழுகிறது. எந்தப் படத்தொடருக்கு உயர்விலைப் பொம்மை தகும், எதற்குத் தகாது என்று தரவரிசை போடுகிறார்கள். ஸ்டார் வார்ஸ், மார்வெல், பேட்மேன் மேல்தட்டில். ஏலியனும் பிரடேட்டரும் அதற்கடுத்து. மற்ற படங்களெல்லாம் "ஒரு பொம்மைக்கு மேல் அதில் என்ன இருக்கிறது?" என்ற ஒரே வரியில் கழிந்துபோகின்றன. அண்மையில் ஒரு நண்பர் இந்த வரிசையை என்னிடம் மிகவும் நிதானமாக நியாயப்படுத்தினார். அவர் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். என்னைவிடப் பல மடங்கு சேர்த்து வைத்திருப்பவர். அவர் சொன்னதைப் பல நாள் அசைபோட்டுப் பார்த்தேன். தவறு என்றே இன்னமும் தோன்றுகிறது.

அவர் பக்கத்து நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஒன் சிக்ஸ்த், அதாவது ஆளின் ஆறில் ஒரு பங்கு அளவில், முப்பது சென்டிமீட்டர் உயரத்தில், அசையும் மூட்டுகளோடும் தைத்த உடையோடும் ஒரு உருவத்தைச் செய்வது பெரிய முதலீடு. அச்சு வெட்ட வேண்டும். படநிறுவனத்திடம் உரிமம் வாங்க வேண்டும். நடிகரின் முகத்துக்குப் பல நேரம் தனி ஒப்புதலும் வேண்டும். ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசத்துக்கு அச்சு வெட்டிவிட்டால், நிறத்தையும் துப்பாக்கியையும் மாற்றி இன்னும் நாலு வீரர்களை அதிலிருந்தே எடுத்துவிடலாம். ஒரு பத்திரிகையாளரின் கசங்கிய கோட்டுக்கு அந்த வசதி கிடையாது. போதாக்குறைக்கு, துணி சொன்னபடி கேட்காது. ஆளைச் சுருக்கலாம், நூலின் தடிமனைச் சுருக்க முடியாது. மடிப்புகள் விறைத்து நிற்கும். கவச உருவங்களிலும் மகத்தானவை உண்டு. டார்த் வேடர் இல்லாமல் ஒரு அலமாரியா? எச்.ஆர். கீகர் கற்பனை செய்த ஏலியனை யார் வேண்டாம் என்பார்?

இவ்வளவும் சரி. ஆனால் இது தயாரிப்பாளரின் கணக்கு. பணம் போட்டவர் அப்படித்தான் யோசிப்பார், யோசிக்கவும் வேண்டும். காசு கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்து, வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவர் அதே கணக்கை ஏன் தன் ரசனைக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்? என் நெடுநாள் மனக்குறை இதுதான். "எந்தப் படத்தொடர் தகும்?" என்று கேட்கும்போது நாம் படத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதில் எத்தனை கவசம், எத்தனை ஹெல்மெட் தேறும் என்றுதான் கேட்கிறோம்.

இந்தப் பெரிய அளவு எதற்கு என்பதே மறந்துபோயிற்று. 1964-ல் ஹாஸ்ப்ரோ வெளியிட்ட ஜி.ஐ. ஜோ பன்னிரண்டு அங்குலம். பையன்கள் கையில் 'டால்' என்ற பெயர் எடுபடாது என்றுதான் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற சொல்லையே உருவாக்கினார்கள். பிறகு 1977-ல் ஸ்டார் வார்ஸ் வந்தது. கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியாத கென்னர் நிறுவனம், பொம்மை இல்லாத உறையையும் உள்ளே ஒரு சான்றிதழையும் விற்று, மறு ஆண்டு தபாலில் பொம்மைகளை அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். நான் கவனிக்கச் சொல்வது அந்தப் பொம்மைகளின் உயரத்தை. மூன்றே முக்கால் அங்குலம். மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்துக்குள் ஆள் உட்கார வேண்டுமானால் ஆள் சின்னதாகத்தான் இருந்தாக வேண்டும். ஒரு படத்தொடரின் படைகளையும் வாகனங்களையும், அதன் உலகம் முழுவதையுமே, வீட்டுத் தரையில் பரப்பி வைக்க அதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது. அந்த அளவில் முகம் என்பது இரண்டு புள்ளியும் ஒரு கோடும். ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இவ்வளவு விலை கொடுப்பதற்கு நான் காணும் ஒரே காரணம், சின்ன அளவால் ஒருபோதும் முடியாத அந்த முகம்.

செய்கிறவர்களுக்கு இது தெரியும் என்பதற்கு ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் நிறுவனமே சாட்சி. அவர்கள் தங்கள் டிஎக்ஸ் வரிசையைத் தொடங்கியபோது முதல் உருவமாக எடுத்துக்கொண்டது 'தி டார்க் நைட்' படத்து ஜோக்கரை. கண்ணை அசைக்கும் பொறியை அந்த உருவத்தில்தான் முதன்முதலாக வைத்தார்கள். தலையின் பின்பக்கத்தைக் கழற்றி உள்ளிருக்கும் நெம்புகோலை விரலால் தள்ளினால், இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரு பக்கமாகத் திரும்பும். முதன்முறை ஒரு நண்பர் வீட்டில் மேஜை விளக்குக்குக் கீழே வைத்து அதைப் பார்த்தபோது நான் உட்கார்ந்துவிட்டேன். நெற்றியைச் சுருக்கியதால் வெள்ளைப்பூச்சு கோடு கோடாக விரிசல் விட்டு, இடுக்கில் தோலின் நிறம் தெரிகிறது. கண்ணைச் சுற்றிய மை வியர்வையில் கலைந்ததுபோல வெளிப்பக்கம் இழுத்திருக்கிறது. சிவப்பு, உதட்டைத் தாண்டித் தழும்பின் மேல் ஏறியிருக்கிறது; தழும்புக்கு விளிம்பும் பள்ளமும் உண்டு. நெல்லிக்காய் அளவுகூட இல்லாத இடத்துக்குள் இத்தனையும். படம் 2008 ஜூலையில் வெளியானபோது ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் உயிரோடு இல்லை. அந்தக் கண்கள் பக்கவாட்டில் திரும்பிய கணத்தில் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

இப்படிப்பட்ட உருவங்களின் பெட்டியில் சிற்பியின் பெயரையும் வண்ணம் தீட்டியவர் பெயரையும் அச்சிடும் வழக்கம் உண்டு. ஜே.சி. ஹாங், யுல்லி என்ற பெயர்களைச் சேகரிப்பாளர்கள் சங்கீத ரசிகர்கள் வித்வான்களின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். இந்தத் தொழிலில் ஆகப் பெரிய திறமை முகத்தில்தான் குவிந்திருக்கிறது என்பது இதிலிருந்தே தெரியவில்லையா? அப்படியிருக்க, முகமே வெளியே தெரியாத உருவங்களை அடுக்கடுக்காக வரவேற்று, "இதுதான் உயர்விலைக்குத் தகுந்த தொடர்" என்று முத்திரை குத்துவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

'அயர்ன் மேன் 3' படத்தை எடுத்துக்கொள்வோம். உச்சக்கட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கவசங்கள் வானத்திலிருந்து இறங்குகின்றன. பல கவசங்களுக்குத் திரையில் கிடைப்பது சில வினாடிகள். உள்ளே ஆளும் கிடையாது. அவற்றில் கணிசமானவை ஆறில் ஒரு பங்கு உருவங்களாக வந்தன. இகோர், ஹார்ட்பிரேக்கர், ஸ்டார்பூஸ்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி. நண்பரின் கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இவைதான். மார்பில் விளக்கு எரிய, மெருகேறி, பார்க்க உண்மையிலேயே கம்பீரமாகத்தான் இருக்கின்றன. வேலைப்பாட்டில் குறையே சொல்ல முடியாது. ஒன்றைக் காட்டி, "இது படத்தில் எங்கே வருகிறது?" என்று கேட்டேன். படத்தைப் போட்டு, அங்கங்கே நிறுத்தித் தேடித்தான் சொல்ல முடிந்தது. அதே அலமாரியின் ஓரத்தில், முதல் படத்து நாயகன் டோனி ஸ்டார்க் நின்றிருந்தான். கையில்லாத பனியன், காலிலும் கையிலும் மட்டும் பாதி முடிந்த கவசத் துண்டுகள். பட்டறையில் அதைச் சோதித்துப் பார்க்கும் கோலம். அது எந்தக் காட்சி என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எந்தப் படத்துக்கு எது தகும் என்பதைக் கவசம் தீர்மானிப்பதோடு இது நிற்கவில்லை. படமே வளைகிறது. 'அயர்ன் மேன் 3' இயக்குநர் ஷேன் பிளாக் 2016-ல் ஒரு பேட்டியில், முதலில் எழுதிய திரைக்கதையில் வில்லன் ஒரு பெண் என்றும், பெண் உருவத்துக்குப் பொம்மை விற்காது என்று மேலிடத்தில் முடிவெடுத்ததால் அதை மாற்ற வேண்டியதாயிற்று என்றும் சொன்னார். ரெபேக்கா ஹால் நடித்த பாத்திரம் படத்தில் சுருங்கிப்போனதற்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்கு. 2015-ல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு கீழே குதிப்பவள் பிளாக் விடோ. அந்தக் காட்சியின் பொம்மைத் தொகுப்பில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தது கேப்டன் அமெரிக்கா. இவை மலிவுவிலைப் பொம்மைகளின் சங்கதி, நமக்கென்ன என்று உயர்விலைச் சேகரிப்பாளர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. "எதை வாங்குவார்கள்" என்ற அதே கணக்குக்குத்தான் நாமும் தரவரிசை போட்டு வலு சேர்க்கிறோம்.

'ஏலியன்' படத்தின் கதையும் இதுவே. 1979-ல் படம் வந்த அதே ஆண்டில், பதினெட்டு அங்குல உயரத்தில் ஜந்துவைக் கடைக்குக் கொண்டுவந்தது கென்னர். குழந்தைகளுக்கு இதுவா என்று பெற்றோர் கொதித்தார்கள் என்பது வேறு விஷயம். கூடவே திட்டமிட்ட சின்னப் பொம்மைகளில் நாயகி ரிப்ளியும் இருந்தாள். அந்த வரிசை அப்படியே நின்றுபோயிற்று. அந்த வடிவங்களை சூப்பர்7 நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்தது 2013-ல்தான். முப்பத்துநாலு வருஷம். படத்தை இறுதிவரை தூக்கி நிறுத்துவது ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவரின் முகம். எண்ணெய்ப் பிசுக்கோடு, தூங்காத கண்ணோடு, பூனையைத் தேடிக்கொண்டு ஓடும் அந்த முகத்தை யாரால் மறக்க முடியும்? இப்போதும் "ஏலியன் ஏன் தகும்" என்று கேட்டுப் பாருங்கள். ஜந்துவின் வகைகளை விரல் விட்டு எண்ணுவார்கள். ரிப்ளி கடைசியில்தான் வருவாள்.

இன்றைய மோகம் 'தி மண்டலோரியன்'. முதல் பருவம் முழுவதிலும் நாயகன் பெட்ரோ பாஸ்கலின் முகம் ஒரே ஒரு முறைதான் வெளியே தெரிகிறது, அதுவும் கடைசி அத்தியாயத்தில். கதை அத்தனை நேரம் காத்திருந்ததே அந்தக் கணத்துக்காகத்தான். நான் பார்த்த அலமாரிகளில் நிற்பதோ ஹெல்மெட், பழைய கவசத்தோடு ஒன்று, புதிய வெள்ளிக் கவசத்தோடு ஒன்று. அது பார்க்க அழகு என்பதை மறுக்கவில்லை. ஷோரூமில் நிற்கும் காரும் அழகுதான். அதற்காக அதை நடிப்பு என்று சொல்லிவிட முடியுமா?

நண்பரின் கடைசி அஸ்திரம், துணி நிலைக்காது, கவசம் நிலைக்கும் என்பது. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என்னிடம் உள்ள ஒரு உருவத்தின் செயற்கைத்தோல் ஜாக்கெட், ஆறாவது வருஷம் தோள்பட்டையில் பொரிந்து, மெல்லிய கருஞ்செதிலாக உதிரத் தொடங்கியது. முழங்கையை மடக்கி வைத்திருந்த இடத்தில் பிளந்தே போயிற்று. மாதச் சம்பளத்தில் பெரும் பங்கைக் கொடுத்து வாங்கியது. வயிறு எரிந்தது, மறைப்பதற்கில்லை. ஈரக்காற்று ஊரில் இதற்குத் தப்பும் உருவங்கள் குறைவு. ஆனால் அதைத் தூக்கி உள்ளே வைக்க மனம் வரவில்லை. ஜாக்கெட் போனாலும் முகம் போகவில்லையே. இடது புருவம் வலதைவிட ஒரு இழை உயர்ந்திருக்கும், நடிகருக்கு இருப்பதுபோலவே. செதில் உதிர்ந்த தோளோடு அந்த ஆள் இன்னும் மேல்தட்டில்தான் நிற்கிறார். துணி நிலைக்கவில்லை என்றால் நல்ல துணி கேளுங்கள், தைப்பதற்குக் கூடுதல் காசு கொடுங்கள். மனிதர்களே வேண்டாம் என்று ஏன் முடிவுகட்ட வேண்டும்?

கவசமில்லாத உருவம் எடுபடாது என்பதும் பொய். 'எண்டர் தி டிராகன்' படத்து புரூஸ் லீயை அதே டிஎக்ஸ் வரிசையில் செய்தார்கள். படத்தின் உச்சத்தில் அவர் உடம்பில் இருப்பது ஒரு கறுப்புக் கால்சராய், மார்பில் நகக்கீறல்கள், அவ்வளவுதான். கொரியாவின் பிளிட்ஸ்வே நிறுவனம், 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்து ஹானிபல் லெக்டரை வெள்ளைச் சிறையுடையில் செய்தது. ஆந்தனி ஹாப்கின்ஸ் லெக்டராக அந்தப் படத்தில் தோன்றுவது அரை மணி நேரத்துக்கும் குறைவு. துப்பாக்கி இல்லை, விளக்கு எரியும் மார்பு இல்லை, நிறம் மாற்றி இன்னொன்று விற்க வழியும் அதிகமில்லை. வெள்ளைச் சட்டைக்கு மேலே இமைக்காத இரண்டு கண்கள். படத்துக்குத் தொடர்ச்சிகள் வந்தன. அந்த உருவத்துக்கு அவை தேவைப்படவே இல்லை.

எனவே தரவரிசைக்கு ஒரு படத்தொடரை அலகாக எடுத்துக்கொள்வதையே நான் ஏற்க மாட்டேன். ஒரு முகம், ஒரு நடிப்பு, ஒரு காட்சி: இவற்றைத்தான் அலகாகக் கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் மார்வெலிலிருந்து பத்து உருவம் தேறும், நூறு தேறாது. ஸ்டார் வார்ஸில் லியாவுக்கும் வயதான ஓபி-வானுக்கும் முன்னுரிமை கிடைக்கும். துருப்புகள் மூன்றே முக்கால் அங்குலத்துக்கே திரும்பிப் போகலாம், அவர்களுக்கு அங்கேதான் வாகனமும் உண்டு. ஹாங்காங்கில் இருக்கும் நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தெருக்களில் எடுத்த படங்களின் பக்கமும் இன்னும் ஆசையோடு திரும்பும். 1986-ல் வந்த 'எ பெட்டர் டுமாரோ' படத்தில் சௌ யுன்-ஃபாட்: நீளக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, உதட்டோரத்தில் கடித்தபடி ஒரு தீக்குச்சி. ஆறில் ஒரு பங்கில் அந்தத் தீக்குச்சி ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும்.