183 டாலரில் முடியும் கேள்வி

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடும் வைஃபை ரவுட்டருக்கு இணையத்தைச் சுமப்பதோடு இன்னொரு வேலையும் உண்டு. அக்கம்பக்கத்தில் ரேடார் இயங்குகிறதா என்று அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 5250 முதல் 5350 வரையும், 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் வரையும் உள்ள சேனல்களில் ரேடார்தான் வீட்டுக்காரர், வைஃபை குடித்தனக்காரர். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிப்படி, இந்தச் சேனல்களில் ஒலிபரப்பத் தொடங்குமுன் 60 விநாடி கேட்டுப் பார்க்க வேண்டும். ரேடார் தென்பட்டால் 10 விநாடிக்குள் விலகிவிட வேண்டும். அதன்பின் 30 நிமிடத்துக்கு அந்தச் சேனலைத் தொடக்கூடாது.

விதி எளிது, நிறைவேற்றுவதுதான் கடினம். எஃப்சிசி சோதனைக்கு வைக்கும் ரேடார் வடிவங்களில் ஒன்று, ஒரு மைக்ரோவிநாடி அகலமுள்ள துடிப்பு. 1428 மைக்ரோவிநாடிக்கு ஒன்று என 18 துடிப்புகள் வந்து ஓய்ந்துவிடும். சுற்றிலும் நெரிசலான வைஃபை பேச்சு, பக்கத்து வீட்டுக் கருவிகள், தன் சொந்த ஒலிபரப்பு ஆகிய இவ்வளவு சத்தத்துக்கு நடுவே அந்தத் துடிப்புகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். தவறவிட்டால் என்ன ஆகும் என்பது 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் தெரிந்தது. விமான நிலையத்துக்கு அருகே புயலைக் கவனிக்கும் டாப்ளர் வானிலை ரேடாரின் திரையில் வைஃபை வகைக் கருவிகளின் குறுக்கீடு தென்பட்டது. அந்த ரேடார்கள் இயங்குவது 5600-5650 மெகாஹெர்ட்ஸில். மறுபக்கம், இல்லாத ரேடாரை இருப்பதாக நினைத்துச் சேனலைவிட்டு ஓடும் ரவுட்டர்களும் உண்டு. வலையமைப்பு நிர்வாகிகளின் நித்தியத் தலைவலி அதுதான்.

ஆகவே குறுக்கீட்டைக் கண்டறியும் நுட்பங்களுக்குக் காப்புரிமை கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஒரே நுட்பத்துக்கு எத்தனை காப்புரிமை என்பதில்தான் சண்டை.

ஒரு நிறுவனம் முதல் விண்ணப்பத்தில் இப்படி உரிமை கோருகிறது என்று வைத்துக்கொள்வோம்: வரும் சிக்னலின் துடிப்பு அகலத்தையும் இடைவெளியையும் அளப்பது, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ரேடார் என்று முடிவெடுப்பது, சேனலை மாற்றுவது. அதே விவரக்குறிப்பிலிருந்து இரண்டு ஆண்டு கழித்துத் ‘தொடர்ச்சி விண்ணப்பம்’ ஒன்று போகிறது. அதில் வரம்பு நிலையானதாக இல்லை, பின்னணி இரைச்சலுக்கு ஏற்ப நகர்கிறது. மூன்றாவதில் முடிவெடுப்பது ரவுட்டர் இல்லை, தொலைவில் உள்ள ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. நான்காவது வரும்போது எதிராளியின் கருவி சந்தைக்கு வந்திருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கோரல் எழுதப்படும். அமெரிக்கச் சட்டத்தில் இதெல்லாம் செல்லும். முதல் விண்ணப்பத்தின் சங்கிலி அறாமல் இருக்கும்வரை தொடர்ச்சிகளுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது.

இதற்கு அணை போடத்தான் இரட்டைக் காப்புரிமைத் தடை வந்தது. ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு காப்புரிமை கூடாது என்பது சட்டத்தின் வாசகத்திலிருந்தே வருகிறது. முதல் காப்புரிமையிலிருந்து எளிதில் ஊகிக்கக்கூடிய சிறு மாறுபாட்டுக்கும் இரண்டாவது கூடாது என்பது நீதிமன்றங்கள் கட்டிய விதி. அதன் சோதனைமுறையைத் தெளிவாகச் சொன்ன 1970ஆம் ஆண்டின் வோகல் தீர்ப்பு இறைச்சிப் பொட்டலம் பற்றியது. பன்றி இறைச்சியைப் பொட்டலமிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கியவர்கள் மாட்டிறைச்சிக்கும், பொதுவாக ‘இறைச்சி’க்கும் தனியாகக் கேட்டார்கள். ஒன்றுக்குப் பொருந்தும் நேரமும் வெப்பமும் மற்றதற்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது என்பதால் மாட்டிறைச்சிக் கோரல் தப்பியது. ‘இறைச்சி’ என்ற பொதுக் கோரலில் பன்றியும் அடக்கம், அதனால் அது தடையில் சிக்கியது.

இறைச்சியில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. மருந்திலும் மூலக்கூறு வரைபடம் இருக்கிறது. ரேடியோவில் ஒப்பிட வேண்டியவை வினைச்சொற்கள்: பெறுதல், அளத்தல், தீர்மானித்தல், மாற்றுதல். நிலையான வரம்புக்கும் நகரும் வரம்புக்கும் இடையிலுள்ள தூரம் காகிதத்தில் ஒரு சொல்தான். களத்தில் அதுவே போலி எச்சரிக்கை கட்டுக்குள் இருக்கும் கருவிக்கும் அடிக்கடி சேனல் தாவும் கருவிக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம். அதேபோல ‘ஆற்றல்’ என்று முதல் கோரலிலும் ‘சிக்னல் வலிமை’ என்று இரண்டாவதிலும் எழுதிவிட்டு, உள்ளே ஒரே கணக்கைச் செய்வதும் நடக்கும். எது நிஜ மாறுபாடு, எது சொல் ஜாலம் என்று பிரிக்கப் பொறியியல் தெரிந்தவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

யோசிப்பதில்லை. நடைமுறையின் மையக் குறை இதுதான் என்பது என் கருத்து. காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் ‘இது முந்தையதன் எளிய மாறுபாடு’ என்று மறுப்பு எழுதுகிறார். வழக்கறிஞர் வாதாடலாம். வாதாடினால் ஒவ்வொரு வாக்கியமும் நாளை நீதிமன்றத்தில் கோரலின் எல்லையைக் குறுக்கப் பயன்படும். அதைவிட ‘டெர்மினல் டிஸ்கிளெய்மர்’ எனப்படும் துறப்புப் பத்திரத்தைத் தாக்கல் செய்வது மலிவு. இரண்டாவது காப்புரிமை முதலாவதோடு சேர்ந்தே காலாவதியாகும், இரண்டும் ஒரே உரிமையாளர் கையில் இருக்கும்வரைதான் செல்லும் என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் அமலான கட்டணப் பட்டியலில் இதன் விலை 183 டாலர். மறுப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. துறப்பு கொடுத்ததாலேயே ‘மாறுபாடு எளியதுதான்’ என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று 1991இலேயே குவாட் என்விரான்மென்டல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒன்றா வேறா என்ற கேள்வி எழுகிறது, கட்டணம் கட்டப்படுகிறது, பதில் எங்கும் பதிவாகாமலே போகிறது.

இந்த ஏற்பாட்டை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. குறுக்கீடு கண்டறிதல் பெரும்பாலும் ஒரே கருவிக்குள் முடிவதில்லை. கைபேசி அளக்கிறது, அடிநிலையம் தீர்மானிக்கிறது, மேலே உள்ள மென்பொருள் அதிர்வெண்ணை மாற்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே கோரலில் எழுதினால், எல்லாப் படிகளையும் செய்யும் ஒரு தனி ஆள் இருக்கமாட்டார். கைபேசி தயாரிப்பாளர் தன் பங்கை மட்டும் செய்தேன் என்பார், சேவை நிறுவனமும் அதையே சொல்லும். ஒருவரின் செயலை இன்னொருவர் கணக்கில் எழுதுவது எப்போது சாத்தியம் என்று அகமாய்-லைம்லைட் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்ததை இத்துறையினர் மறக்கவில்லை. கைபேசிப் பக்கத்திலிருந்து ஒரு கோரல், அடிநிலையப் பக்கத்திலிருந்து ஒரு கோரல் என்று எழுதுவது பேராசையாகத் தெரிந்தாலும், கண்டுபிடித்தவருக்கு வேறு வழி குறைவு.

போதாக்குறைக்கு, காப்புரிமை அலுவலகமே விண்ணப்பத்தைப் பிரிக்கச் சொல்கிறது. ‘கண்டறிவது ஒரு கண்டுபிடிப்பு, தவிர்ப்பது இன்னொன்று, ஒன்றைத் தேர்ந்தெடு’ என்று ஆணையிட்டுவிட்டுப் பிறகு இரட்டை என்று மறுப்பது அநியாயம். அதனால் அப்படிப் பிரிந்த பிரிவு விண்ணப்பங்களுக்குச் சட்டத்தின் 121ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஒரே உரிமையாளர் என்ற நிபந்தனைக்கும் மதிப்பு உண்டு. அது இல்லாவிட்டால் ஒரே விண்ணப்பத்திலிருந்து கிளைத்த காப்புரிமைக் குடும்பத்தைத் துண்டுதுண்டாக விற்று, ஒரே ரவுட்டர் தயாரிப்பாளரை நாலு பேர் நாலு ஊரில் வழக்குக்கு இழுக்கலாம். குடும்பத்தையே மொத்தமாக ஒரு வழக்கு வியாபாரியிடம் விற்றால் மட்டும் நிபந்தனை வாய்மூடி நிற்கிறது.

கோளாறு, இந்தத் தடை எதைக் காக்க வடிவமைக்கப்பட்டதோ அங்கே இருக்கிறது. அது காக்க நினைப்பது காலத்தை. 1995 ஜூன் 8க்கு முன் அமெரிக்கக் காப்புரிமையின் ஆயுள் வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. பின்னால் வழங்கப்படும் இரண்டாவது காப்புரிமை ஏகபோகத்தை நீட்டியது. அந்த நாளுக்குப் பின் தாக்கலானவற்றுக்கு முதல் விண்ணப்பத்திலிருந்து 20 ஆண்டு என்று மாறியதும், ஒரே குடும்பத்துத் தொடர்ச்சிகள் பெரும்பாலும் ஒரே நாளில் காலாவதியாகின்றன. மாத்திரை வியாபாரத்தில் ஏகபோகத்தின் ஒரு கூடுதல் மாதம்கூடப் பெரும் பணம். ரேடியோவில் பணம் எண்ணிக்கையில் இருக்கிறது. பத்துக் காப்புரிமைகளும் ஒரே நாளில் செத்தாலும், உயிரோடு இருக்கும்வரை பத்தையும் தனித்தனியாகச் சமாளிக்க வேண்டும்.

அந்தச் சமாளிப்பின் விலையைப் பாருங்கள். வழங்கிய காப்புரிமையை எதிர்க்க அமெரிக்காவில் அதிகம் புழங்கும் வழி காப்புரிமை மேல்முறையீட்டு வாரியத்தில் மறுபரிசீலனை கேட்பது. 2025 பட்டியல்படி 20 கோரல் வரை மனுவுக்கு 23,750 டாலர், விசாரணை தொடங்கினால் 28,125. ஆக ஒரு காப்புரிமைக்கு 51,875 டாலர், வழக்கறிஞர் கட்டணம் தனி. உரிமையாளர் 183 டாலரில் சேர்த்த ஒவ்வோர் உறுப்பினரையும் எதிராளி இந்த விலையில்தான் அகற்ற முடியும். அந்த விசாரணையில் முந்தைய காப்புரிமைகளையும் அச்சான ஆவணங்களையும் காட்டி வாதாடலாமே தவிர, இரட்டைக் காப்புரிமை என்ற வாதத்தை எழுப்ப இடமில்லை. காப்புரிமையை எதிர்க்கும் மன்றங்களில் மிக அதிகம் புழங்குவதே இந்த வாதத்துக்குக் கதவைச் சாத்தியிருக்கிறது.

2018இல் சிம்பிள்ஏர்-கூகுள் வழக்கு இதே முடிச்சைத் தொட்டது. கம்பியில்லா வழியில் அறிவிப்புகளை அனுப்பும் நுட்பம் பற்றிய குடும்பம் அது. முந்தைய வழக்குகளில் தோற்ற சிம்பிள்ஏர், துறப்பால் பிணைந்த வேறு உறுப்பினர்களோடு திரும்பி வந்தது. பிணைத்ததே ஒன்றுதான் என்பதற்குச் சாட்சி, மறுபடி வழக்காட முடியாது என்று கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. துறப்பு வலுவான தடயம், ஆனால் கோரல்களை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றது. சட்டப்படி குற்றம் காண முடியாத தீர்ப்புதான். ஆய்வாளர் மேசையில் நடக்காத ஒப்பீட்டை எதிராளியின் செலவில் நீதிமன்றத்தில் நடத்தச் சொல்கிறது என்பதுதான் இடிக்கிறது.

2023 ஆகஸ்டின் செலெக்ட் தீர்ப்பு காலக் கணக்கையே புரட்டிப்போட்டது. கைபேசி போன்ற கருவிகளில் பட உணரிகளை அமைப்பது பற்றிய நான்கு காப்புரிமைகளை, சாம்சங் கேட்ட மறுஆய்வில் அலுவலகம் செல்லாதவை என்றது. நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காரணம் விசித்திரமானது. அலுவலகம் தாமதித்தால் அந்த நாட்களை ஆயுளில் கூட்டித் தரும் சட்டம் இருக்கிறது. அப்படிக் கூட்டப்பட்ட நாட்களே இரட்டைக் காப்புரிமைக்கு ஆதாரமாயின. காலாவதியானபின் துறப்பு கொடுக்கவும் வழியில்லை. மருந்து அனுமதிக்கு ஆகும் தாமதத்துக்காகத் தரப்படும் நீட்டிப்பை மட்டும் நீதிமன்றம் தொடவில்லை. காலத்தை நீட்டிப் பெருமளவு சம்பாதிக்கும் துறைக்கு விலக்கு, எண்ணிக்கையால் சம்பாதிக்கும் துறைக்குத் தண்டனை. அடுத்த ஆண்டு அலர்கன் வழக்கில், குடும்பத்தில் முதலில் தாக்கலாகி முதலில் வழங்கப்பட்டதைப் பின்னால் வந்த பிள்ளைகளைக் காட்டிக் கொல்ல முடியாது என்று நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது.

எண்ணிக்கையை நேராகத் தாக்கிய ஒரு முயற்சி 2024 மே மாதம் வந்தது. துறப்பால் பிணைந்தவற்றில் ஒன்றின் ஒரு கோரல் செல்லாது என்று முடிவானால், பிணைந்த மற்றதையும் அமல்படுத்த முடியாது என்று உறுதி தர வேண்டும் என அலுவலகம் முன்மொழிந்தது. எதிர்ப்பு கிளம்பியது, டிசம்பரில் திரும்பப் பெற்றார்கள். நோயைச் சரியாகப் பார்த்த முன்மொழிவு அது, மருந்துதான் முரட்டுத்தனம். நிலையான வரம்புக் கோரல் விழுந்தால், போலி எச்சரிக்கையை உண்மையில் குறைத்த நகரும் வரம்பும் கூடவே விழ வேண்டுமா?

ஐரோப்பா வேறு திசையில் போயிருக்கிறது. 2021 ஜூனில் அங்குள்ள விரிவுபடுத்தப்பட்ட மேல்முறையீட்டு அவை, ஒரே விண்ணப்பதாரருக்கு ஒரே பொருள் மீது இரண்டாவது காப்புரிமை மறுக்கப்படலாம் என்றது. அங்கே ‘எளிய மாறுபாடு’ என்ற தடையும் இல்லை, துறப்பும் இல்லை. ஒரு சொல்லை மாற்றிவிட்டால் இரண்டு காப்புரிமையும் வெவ்வேறு கைகளுக்குப் போகலாம். இந்தியச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத, எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு தரும் கூடுதல் காப்புரிமை அது. மூலக் கண்டுபிடிப்பின் மேம்பாட்டுக்கு அதன் உரிமையாளர் கேட்கலாம். மூலத்தோடு சேர்ந்தே காலாவதியாகும். தனிப் புதுப்பிப்புக் கட்டணம் இல்லை. ‘இது மேம்பாடு’ என்று விண்ணப்பதாரர் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் இதன் அழகு. அமெரிக்கத் துறப்பு விழுங்கும் பதிலை இது முதல் பக்கத்திலேயே எழுத வைக்கிறது.

அமெரிக்காவிலும் அந்த அளவுக்காவது போகலாம். துறப்பை ஏற்குமுன், எந்தக் கூறு வேறுபடுகிறது, அது கண்டறிதலில் என்ன மாற்றுகிறது என்று ஆய்வாளர் ஒரு பத்தி பதிவு செய்தால் போதும். அந்தப் பதிவு இல்லாத குடும்பத்தை வாரியத்தில் ஒரே மனுவில், ஒரே கட்டணத்தில் எதிர்க்க அனுமதிக்கலாம்.

இப்போதைக்கு நடந்திருப்பது கட்டண உயர்வு மட்டும். 2025 ஜனவரி முதல், குடும்பத்தின் மிக முந்தைய தேதியிலிருந்து ஆறு ஆண்டு கடந்து தாக்கலாகும் தொடர்ச்சிக்குக் கூடுதலாக 2,700 டாலர், ஒன்பது ஆண்டு கடந்தால் 4,000. 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1,200 மெகாஹெர்ட்ஸை எஃப்சிசி வைஃபைக்குத் திறந்துவிட்டது 2020 ஏப்ரலில். அதையொட்டி அந்த ஆண்டு தாக்கலான குறுக்கீட்டுக் குடும்பங்கள் 2026இல் இந்தக் கோட்டைத் தொடுகின்றன. ஒரு கோரலை எதிராளியின் புதுக் கருவிக்கு அளவெடுத்துத் தைக்க 2,700 டாலர் என்றால், பெரிய நிறுவனம் எதுவும் தயங்காது. ஓரிரு காப்புரிமையோடு நிற்கும் சிறு ஆய்வுக்கூடம்தான் கணக்குப் போட்டுப் பார்க்கும்.