சூப்பர் ஃபிளை: படமும் பாட்டும்

சூப்பர் ஃபிளை (1972) கார்டன் பார்க்ஸ் ஜூனியர் இயக்கிய அமெரிக்கத் திரைப்படம். இசை கர்டிஸ் மேஃபீல்டு. 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' எனப்படும் படவரிசையில் மிகவும் பேசப்பட்டவற்றுள் ஒன்று. கறுப்பர், சுரண்டல் என்ற பொருளுடைய இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி உருவான பெயர் அது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஹாலிவுட் கிளைத் தலைவர் ஜூனியஸ் கிரிஃபின் அதைக் கண்டனச் சொல்லாகவே பயன்படுத்தினார்.

இவ்வகைப் படங்களில் இசை வெறும் பின்னணி அல்ல. முந்தைய ஆண்டு வெளிவந்த 'ஷாஃப்ட்' படத்தின் பாடலுக்காக ஐசக் ஹேய்ஸ் ஆஸ்கர் விருது பெற்றார். அப்படத்தை இயக்கிய கார்டன் பார்க்ஸ், சூப்பர் ஃபிளை இயக்குநரின் தந்தை. ஷாஃப்டின் பாட்டு நாயகனைப் புகழ்கிறது. படமும் அதையே செய்கிறது. இரண்டுக்கும் பிணக்கு இல்லை. சூப்பர் ஃபிளையில் உண்டு.

நாயகன் பிரீஸ்ட் (ரான் ஓ'நீல்) நியூயார்க்கின் ஹார்லெமில் கொக்கைன் விற்பவன். கடைசியாக ஒரு பெரிய பேரத்தை முடித்துவிட்டுத் தொழிலை விட்டு விலக நினைக்கிறான். அவனுடைய நீண்ட அங்கியையும் காடிலாக் காரையும் கேமரா ஆசையோடு பார்க்கிறது. இறுதியில் அவன் வெல்கிறான். படம் கொக்கைனுக்கான விளம்பரம் போல இருந்தது என்று மேஃபீல்டே பின்னர் கூறியிருக்கிறார். சிகாகோவில் 'இம்ப்ரஷன்ஸ்' குழுவில் குடியுரிமைப் போராட்டக் காலத்துப் பாடல்களை எழுதியவர் அவர்.

படத்தில் ஃபிரெடி ஒரு துணைப் பாத்திரம். போலீசிடமிருந்து தப்பி ஓடும்போது கார் மோதி இறக்கிறான். கதை அவனைக் கடந்து போய்விடுகிறது. மேஃபீல்டு அவனை விடவில்லை. 'ஃபிரெடீஸ் டெட்' என்ற பாடல், சுற்றியிருந்தவர்களால் பயன்படுத்தப்பட்டு வீசப்பட்ட ஒருவனுக்கான இரங்கல். ஆனால் படத்துக்குள் அதன் மெட்டு மட்டுமே ஒலிக்கிறது, வரிகள் இல்லை. அதனாலேயே ஆஸ்கர் போட்டிக்கு அப்பாடல் தகுதி பெறவில்லை. விருது போனது சிறிய இழப்பு. போதைத் தொழிலின் விலை என்ன என்று சொல்லும் வரிகளைப் படம் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை என்பதே பெரிய இழப்பு.

இசை இந்தப் படத்தை மீட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். 'புஷர்மேன்' பாடலைப் பார்த்தால் தெரியும். விற்பவனே தன்மையில் பாடும் பாட்டு அது. கண்டிப்பதில்லை, அவன் தன்னை விளம்பரம் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது. இசைத்தட்டில் மற்றப் பாடல்களுக்கு நடுவே கேட்கும்போது அந்தக் குரலின் கசப்பு புரிகிறது. படத்திலோ, கொக்கைன் கைமாறும் நிழற்படங்களின் வரிசைக்கு மேல் அது ஒலிக்கிறது. படங்கள் அழகானவை, தாளம் துள்ளுகிறது, கசப்பு கரைந்துவிடுகிறது. உண்மையான விளம்பரப் பாட்டுக்கும் அதற்கும் அங்கே வேறுபாடு காண்பது கடினம்.

இசைத்தட்டு படத்துக்கு முன்பே, ஜூலை 1972-ல், கடைகளுக்கு வந்துவிட்டது. பில்போர்டு பட்டியலில் முதலிடத்தையும் பிடித்தது. ஆகவே வரிகளை முன்பே கேட்டிருந்தவர்களும் திரையரங்கில் இருந்திருப்பார்கள். வெறும் மெட்டு ஒலித்தபோது விடுபட்ட சொற்களை அவர்களே நிரப்பிக்கொள்ள முடிந்திருக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு நல்ல மெட்டு, அவ்வளவே.

தொடர்ச்சியாக 1973-ல் வந்த 'சூப்பர் ஃபிளை டி.என்.டி.'யை ரான் ஓ'நீலே இயக்கினார். அதற்கு மேஃபீல்டு இசையமைக்கவில்லை. ஒசிபிசா குழு இசையமைத்தது.