பந்துக்கும் ஒரு செக் ஷீட் வேண்டும்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர் வரை வழிநெடுகத் தொழிற்சாலைகள். ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று பெயர்ப் பலகைகள் வந்துகொண்டே இருக்கும். தெற்கே கொஞ்ச தூரத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. இந்த ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஷிஃப்ட் தொடங்கியதும் முதல் வேலை செக் ஷீட்டை நிரப்புவது. டார்க் ரெஞ்சில் கேலிபரேஷன் ஸ்டிக்கர் இருக்கிறதா, தேதி தாண்டிவிட்டதா, ஏர் லைனில் கசிவு உண்டா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லைன் ஓடும்.

அதே தொழிலாளி இடுப்பு வலியோடு மாலையில் பிசியோதெரபி கிளினிக்குக்குப் போகிறார். சில நாள் 'கரண்ட்' வைத்த பிறகு ஒரு பெரிய காற்றுப் பந்தைக் காட்டி அதன்மேல் உட்காரச் சொல்கிறார்கள், பிறகு மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். அந்தப் பந்து எப்போது வாங்கியது, எத்தனை சென்டிமீட்டர் வரை காற்று அடைத்தது, அதில் கீறல் உண்டா என்று கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் பதில் வராது. முறுக்குகிற ஒரு நட்டுக்கு இருக்கும் கணக்கு, முறிந்தால் வேலையே போய்விடக்கூடிய ஒரு முதுகுக்கு இல்லாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

பந்தைக் கிளினிக்கிலிருந்து அகற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது நல்ல கருவி. ஆனால் யாருக்கு, எந்தக் கட்டத்தில், யார் பக்கத்தில் நிற்க என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது கருவி. அந்த மூன்றும் எப்படிக் கழன்று விழுந்தன என்பதைப் பந்தின் வரலாற்றிலேயே பார்க்கலாம்.

1963-இல் இத்தாலியில் அக்விலினோ கோசானி என்ற பிளாஸ்டிக் பொருள் தயாரிப்பாளர் இவ்வளவு பெரிய பந்தை வார்த்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் மேரி குவின்டன். இங்கிலாந்துக்காரரான இந்தப் பிசியோதெரபிஸ்ட், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் குழந்தை மருத்துவர் எல்ஸ்பெத் கோங்குடன் சேர்ந்து, மூளை முடக்குவாதம் உள்ள கைக்குழந்தைகளுக்குப் பந்தின்மேல் பயிற்சி கொடுத்தார். பிறகு பாசெல் நகரில் சூசன் க்ளைன்-ஃபோகல்பாக் அதைப் பெரியவர்களின் எலும்பு, மூட்டுப் பிரச்சினைகளுக்கு எடுத்துக்கொண்டார். அங்கே வந்து பார்த்த அமெரிக்க பிசியோக்கள் 'சுவிஸ் பால்' என்ற பெயரோடு ஊருக்கு எடுத்துப் போனார்கள். அங்கிருந்து ஜிம்முக்கும், ஜிம்மிலிருந்து இணையக் கடைகளுக்கும், அங்கிருந்து நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது.

அந்தத் தொடக்கப் பயிற்சியை ஒருமுறை கூர்ந்து பார்த்தால் விஷயம் புரியும். குழந்தையைப் பந்தின்மேல் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மெல்ல முன்னால் உருட்டுவார்கள். தலை கீழே போகிற உணர்வு வந்ததும் குழந்தை தலையைத் தூக்கும். இன்னும் கொஞ்சம் உருட்டினால், விழாமல் தாங்கிக்கொள்ளக் கையை நீட்டும். தானாக வராத ஓர் அசைவை வரவழைக்கும் அருமையான வழி இது. செங்கல்பட்டு மாவட்டத்தில் முட்டுக்காட்டில் 2005 முதல் இருக்கும் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய்மார்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இதில் பந்து பாதி, இடுப்பைப் பிடித்திருக்கும் கை மீதி. பந்து உலகம் முழுக்கப் பயணப்பட்டது, அந்தக் கை கூடவே வரவில்லை.

பெரியவர்களுக்கும் பந்தால் பலன் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வேரா-கார்சியா, ஸ்டூவர்ட் மெக்கில் முதலியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், தரையில் படுத்து எழும்பும் வயிற்றுப் பயிற்சியில் முன்வயிற்றுத் தசை தன் முழுத் திறனில் சுமார் 21 சதவீதம் வேலை செய்தது. அதே பயிற்சியைப் பந்தின்மேல் செய்தபோது சுமார் 35 சதவீதமானது. அசைகிற பரப்பில் உடம்பு நிலைகொள்ளப் பார்க்கிறது, அதனால் தசை கூடுதலாக இறுகுகிறது. இன்னொரு நன்மையை நான் இதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். நம் ஊரில் பிசியோதெரபி என்றாலே 'கரண்ட் வைக்கிறது' என்று ஆகிவிட்டது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு அல்ட்ராசவுண்ட், டென்ஸ் என்ற மின்தூண்டல், இழுவைச் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்க முடியாது, முறையான உடற்பயிற்சிதான் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. படுத்துக் கிடக்கும் நோயாளியை எழுப்பி, தன் உடம்பைத் தானே அசைக்க வைக்கும் கருவிகளில் மலிவானது பந்து. லட்சக்கணக்கில் இயந்திரம் வாங்க முடியாத சின்ன கிளினிக்குக்கும் அது எட்டும் விலைதான்.

ஆனால் அந்த 35 சதவீதக் கணக்கை முழுதாகப் படிக்க வேண்டும். அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் எட்டே பேர், எல்லோரும் ஆரோக்கியமான ஆண்கள். தசை கூடுதலாக இறுகும்போது முதுகெலும்பின் மேல் விழும் அழுத்தமும் கூடுகிறது. நான்கு நாளைக்கு முன்னால் டிஸ்க் பிதுங்கி, கால் வரை வலி இறங்குகிற ஒருவருக்கு அது மருந்தாகாது. தரையில், சுவரோரத்தில், நாற்காலியில் செய்யும் பயிற்சிகளை வலியில்லாமல் முடிக்கிறவருக்கே பந்து அடுத்த படி. முதல் நாளே பந்தில் ஏற்றுவது படியைத் தாண்டிக் குதிப்பது. உடலின் நடுப்பகுதித் தசைகளுக்கான பயிற்சி குறுகிய காலத்தில் வலியைக் கூடுதலாகக் குறைத்தாலும், நீண்ட காலத்தில் பொதுவான உடற்பயிற்சியைவிட மேலானதாக இல்லை என்று 2012-இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் சொல்கிறது. ஆகவே பந்தில் ஏற முடியாதவர் எதையோ இழந்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

பந்தின்மேல் படுத்துக்கொண்டு டம்பெல் தூக்குவதை நான் ஒரு கட்டத்திலும் ஏற்க மாட்டேன். நிலையற்ற பரப்பில் கையால் தள்ளும் விசை சுமார் 60 சதவீதம் குறைந்துவிடுகிறது என்று 2004-இல் ஆண்டர்சன், பெம் இருவரும் கனடாவில் அளந்து காட்டினார்கள். பலம் கூட்டத்தான் எடை தூக்குகிறோம் என்றால் அந்த நோக்கமே அங்கு அடிபடுகிறது. ஆபத்து எவ்வளவு என்பதற்கு உதாரணம் கூடைப்பந்து வீரர் ஃபிரான்சிஸ்கோ கார்சியா. அமெரிக்காவின் சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்காக ஆடிய அவர், 2009 அக்டோபரில் பந்தின்மேல் படுத்து, கைக்கு 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ தூக்கிக்கொண்டிருந்தபோது பந்து வெடித்தது. கை எலும்பு முறிந்து மாதக்கணக்கில் ஆட முடியவில்லை. வெடிப்பைத் தாங்கும் என்று விளம்பரம் செய்து விற்ற பந்து அது என்பது அவரும் அணியும் தொடுத்த வழக்கின் வாதம்.

அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சுமார் 30 லட்சம் பந்துகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்திருந்தது. ஈ.பி. பிராண்ட்ஸ் என்ற நிறுவனம் 2000 முதல் பல பெயர்களில் விற்றவை அவை. பந்து திடீரென்று வெடித்ததாக 47 புகார்கள், அவற்றில் ஓர் எலும்பு முறிவு. அளவுக்கு மேல் காற்று அடைத்தால் வெடிக்கலாம் என்பதே சொல்லப்பட்ட காரணம்.

அளவுக்கு மேல் என்றால் என்ன? மோட்டார் தொழில் நடக்கும் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் டயர் கணக்குத் தெரியும்: எத்தனை பி.எஸ்.ஐ. என்று கேட்பார்கள். பந்துக்கு அந்தக் கணக்கு உதவாது. உள்ளே இருக்கும் அழுத்தம் மிகக் குறைவு, பங்க்சர் கடை மீட்டரில் முள் அசைவதே தெரியாது. பந்தை விட்டத்தால்தான் அளக்க வேண்டும். 65 செ.மீ. பந்தில் 70 செ.மீ. வரை காற்று அடைத்தால் ஐந்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பரப்பளவு 16 சதவீதம் கூடிவிடுகிறது. அதே பிளாஸ்டிக் அவ்வளவு பரப்புக்கு நீள வேண்டும் என்பதால் சுவர் சுமார் 14 சதவீதம் மெலிகிறது. ஆரம் கூடியதையும் சுவர் மெலிந்ததையும் சேர்த்தால், உள்ளழுத்தம் மாறாமல் இருந்தாலுமே சுவரின் மேல் வரும் இழுவிசை கால்பங்கு கூடும். அழுத்தமும் கூடியிருக்கும் என்பதால் உண்மை நிலை இதைவிட மோசம். பம்ப் அடித்துக் கை சலித்துப்போய், பந்தைத் தூக்கிக்கொண்டு டயர் கடை கம்ப்ரசரில் காற்று பிடிப்பது எவ்வளவு அபாயம் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அக்னி நட்சத்திர வெயிலில் காற்று விரிந்து பந்து வெடித்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 டிகிரியில் அடைத்த காற்று 40 டிகிரிக்குப் போனால் கொள்ளளவு 5 சதவீதம் கூடும். 65 செ.மீ. பந்து 66 செ.மீ. ஆகும், அவ்வளவுதான். வெயிலின் உண்மையான கேடு வேறு. பந்தின் பி.வி.சி. பிளாஸ்டிக் சூட்டில் இளகும், நாள்பட நாள்பட அதை வளைந்துகொடுக்க வைக்கும் சேர்மானம் வெளியேறிப் பொருள் வலுவிழக்கும். மொட்டை மாடி ஷெட்டிலும் ஜன்னலோர வெயிலிலும் கிடந்த பந்து பார்க்கப் புதிதாக இருந்தாலும் உள்ளுக்குள் பழையது.

வெடிக்காத வகை என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதற்கும் எல்லை உண்டு. குத்துப்பட்டால் படாரென்று வெடிக்காமல் மெல்லக் காற்று இறங்கும் என்பதே அதன் பொருள். 300 கிலோ, 500 கிலோ என்று அச்சிட்டிருப்பது அசையாமல் வைத்த எடைக்கு. திடீரென்று பொத்தென உட்கார்ந்தால் 70 கிலோ மனிதரின் எடை பந்துக்கு இரு மடங்காவது தெரியும்.

என் கணிப்பில், வெடிப்பைவிட அதிகம் அஞ்ச வேண்டியது சறுக்கல். துடைத்த ஈரம் காயாத டைல்ஸ் தரையில் பந்து சறுக்குகிறது. பாலியஸ்டர் புடவையிலோ நைட்டியிலோ வந்த அம்மா உட்கார்ந்தால் துணி பந்தின்மேல் வழுக்குகிறது. வரும்போதே இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு வருவது நம் வழக்கம், அந்த எண்ணெய்ப் பிசுக்கு பந்தில் ஒட்டி அடுத்தவருக்குக் காத்திருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து நேராக வருகிறவரின் பெல்ட் பக்கிளும் ஐ.டி. கார்டு கிளிப்பும் சாவிக்கொத்தும் பந்தைக் கீறுகின்றன. ஐந்தடி உயரப் பெண்ணை 65 செ.மீ. பந்தில் ஏற்றினால் பாதம் தரையில் பதியாது. அவருக்கு 55 போதும், ஐந்தடிக்குக் குறைந்தவருக்கு 45. ஒரே பந்தை வைத்துக்கொண்டு எல்லோரையும் ஏற்றுகிற கிளினிக் பாதிப் பேரைத் தவறான பந்தில் ஏற்றுகிறது. பக்கவாதத்திலிருந்து மீள்கிறவர், தலைசுற்றல் உள்ளவர், எலும்பு தேய்ந்த முதியவர் ஆகியோருக்கு பந்தின் உயரத்திலிருந்து விழுவதே இடுப்பு எலும்பை உடைக்கப் போதும்.

நாற்காலிக்குப் பதில் பந்தில் உட்கார்ந்து கணினி வேலை பார்க்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாட்டர்லூவில் 2006-இல் 14 பேரை ஒரு மணி நேரம் அப்படி உட்கார வைத்துப் பார்த்தார்கள். தசை வேலையில் பெரிய மாற்றமில்லை, அசௌகரியம்தான் கூடியது.

கிளினிக்கில் இந்த ஆபத்துகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்கப் பணம் தேவையில்லை. சுவரில் தரையிலிருந்து 55 செ.மீ.-இலும் 65 செ.மீ.-இலும் கோடு போட்டு, பந்தை ஒட்டி வைத்துப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். புதுப் பந்தை முதல் நாள் எண்பது சதவீதம் வரை அடைத்து, ஒரு நாள் விட்டு மீதியை அடைக்க வேண்டும். பந்துக்கு எண் கொடுத்து, வாங்கிய தேதி, அளந்த அளவு, கீறல் பார்த்தவர் கையெழுத்து என்று ஒரு நோட்டு போடலாம். கீறலுக்கு ஒட்டுப் போடக் கூடாது, பந்தையே மாற்ற வேண்டும். பளு தூக்கும் இயந்திரங்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. அந்தப் பழக்கத்திலேயே ஊறிய ஊரில் கிளினிக்குகளுக்கு இது கடினமாக இருக்க முடியாது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவர்களையும் தன் வரம்பில் கொண்டுவந்திருக்கிறது. பட்டம், பதிவு ஆகியவற்றோடு கருவிகளின் பராமரிப்புக்கும் ஒரு குறைந்தபட்ச நெறி அதன்கீழ் வர வேண்டும்.

நோட்டாலும் சட்டத்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. மாலையில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது ஒரு பிசியோவால் எல்லோர் பக்கத்திலும் நிற்க முடியாது. ஒருவருக்குக் கரண்ட் வைத்துவிட்டு, இன்னொருவருக்குத் தோளை அசைத்துக்கொண்டே, மூன்றாமவரைப் பந்தில் பத்து முறை செய்யுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டிலும் இதே நிலைதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் இயன்முறைச் சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் சிகிச்சையாளர் போன பிறகு, ஆன்லைனில் வாங்கிய பந்தும் நோயாளியும்தான் மிச்சம்.

அதனால் இந்த வட்டாரத்தில் இடுப்பையும் தோளையும் தேய்த்து உழைக்கிற தோழர்களுக்கு என் வேண்டுகோள் இது. முதல் சில தடவைகளாவது பிசியோவின் கை உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும், பந்து சுவரை ஒட்டி ரப்பர் பாயின்மேல் இருக்கட்டும். அவருக்கு நேரமில்லை என்றால் ஏறாதீர்கள். தரையிலும் நாற்காலியிலும் செய்யும் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் முதுகுக்கு அது குறைந்த வைத்தியம் ஆகாது.