அனுப்புகிற சபையும் அனுப்பப்படுகிற பெண்ணும்

ஆராதனையின் நடுவே ஒரு பெண்ணை முன்னே அழைத்து, முழந்தாளிடச் செய்து, தலைமேல் கைவைத்து ஜெபிக்கிறார்கள். சபையார் எழுந்து நின்று, இந்தச் சகோதரியை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்குவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். பெண் மிஷனரியை அனுப்பும் இந்த வழக்கம் தமிழ்ச் சபைகளுக்குப் புதிதல்ல. அவள் போய்ச் சேரும் இடம் இலங்கை மலையகத்தின் டயகமவாக இருந்தால் அந்த வாக்கு எதுவரை செல்லும்? அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியை ஒட்டிய மலைச்சரிவில், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளாகச் சிதறிக் கிடக்கும் தோட்டங்களை மனத்தில் வைத்தே இதை எடைபோடுகிறேன். அனுப்புவது நல்ல வழக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தாங்குகிறவர்கள் மாதாமாதம் சந்தோஷச் செய்தியையே எதிர்பார்ப்பது அந்த நன்மையை அரித்துவிடுகிறது.

மலையகத்தில் ஊழியத்துக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1854-இல் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரிலேயே இங்கே ஒரு மிஷன் தொடங்கியது. ஐரோப்பிய மிஷனரியின் சம்பளத்தை சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிகன் மிஷனரி சங்கம் கொடுத்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமாரின் சம்பளத்துக்குத் தோட்டத்துரைமார் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த உபதேசிமார் லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து அறிவித்தார்கள், சாவு வீட்டில் உடன் நின்றார்கள். அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் துரை கொடுத்த காசில் சாப்பிட்டவர், கங்காணியின் கடன் கணக்கைப் பற்றியும் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் விழுந்த அடியைப் பற்றியும் எவ்வளவு தூரம் வாய்திறந்திருக்க முடியும்? தாங்குகிறவர் யாரோ அவருக்குப் பிடிக்காததைச் சொல்வது எந்தக் காலத்திலும் கஷ்டம். இன்று துரையின் இடத்தில் தூரத்துச் சபை ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண்ணை அனுப்புவதில் உள்ள பலம் லயத்து வாசலிலேயே தெரிந்துவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் இருக்கிறது. போதகர் வந்தால் இஸ்தோப்பில் நாற்காலி போடுவார்கள், வீட்டுக்காரர் பேசுவார், பெண் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வந்தவள் பெண்ணாக இருந்தால் அடுப்படியில் பலகை போட்டு உட்கார வைப்பார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, தண்ணீர் பிடித்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிவந்து, அடுப்பு மூட்டுகிற அந்த நேரத்தில்தான் தோட்டத்துப் பெண் தன் பாட்டைப் பேசுவாள். இன்றைக்கு ஏன் அரைநாள் சம்பளமான அரைப்பேர் போட்டார்கள், புருஷன் கசிப்புச் சாராயத்துக்கு எவ்வளவு கொடுத்தான், நுண்கடன்காரன் எந்தக் கிழமை வருவான், மகளை யார் கொழும்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். 2021-இல் கொழும்பில் வீட்டுவேலைக்குப் போன டயகமச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அப்படிப் பிள்ளைகளை அனுப்புகிற முடிவு எடுக்கப்படுவது அடுப்படியில். அங்கே நம்பிக்கையோடு உட்கார வைக்கப்படுகிற ஒரு பெண் இருந்தால், அந்த முடிவு எடுக்கப்படும் முன்னால் ஒரு வார்த்தையாவது சொல்ல இடம் உண்டு. இதற்காக மட்டுமே ஒரு சபை பெண்ணை அனுப்பினாலும் அது வீண்செலவல்ல.

அவள் அங்கே கேட்டதை அனுப்பிய சபைக்கு எழுத முடியுமா என்பதில்தான் குறை தொடங்குகிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த முன்மாதிரி, அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல். சீனாவுக்குப் போக அவர் விரும்பியபோது உடல்நிலையைக் காட்டித் தடுத்துவிட்டார்கள். பிறகு இங்கிலாந்தின் கெசிக் மாநாட்டு நிதியால் தாங்கப்பட்ட முதல் மிஷனரியாக 1893-இல் ஜப்பான் போனார். அடுத்த வருடமே அங்கிருந்து புறப்பட்டு, அனுப்பியவர்களின் உத்தரவுக்குக் காத்திராமல் இலங்கையில் வந்து இறங்கினார். ஊரில் அதிர்ச்சி, விளக்கம் கேட்டுக் கடிதங்கள். தம்மை மகளாகப் பாவித்த ராபர்ட் வில்சன் நோயுற்றதைக் கேட்டுத் திரும்பிப்போன அவர், 1895-இல் பெண்களிடையே ஊழியம் செய்த செனானா மிஷன் வழியாக இந்தியாவுக்கு வந்து திருநெல்வேலிச் சீமையில் தங்கினார். 1951-இல் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை.

அனுப்பியவர்கள் அவரைக் கைவிடவில்லை என்பது அந்த அமைப்பின் பெருமை. வழிமாறிப் போனாள் என்று பணத்தை நிறுத்தியிருந்தால் டோனாவூரில் அவர் குழந்தைகளுக்காக நடத்திய இல்லம் இருந்திராது. ஆனால் அதே ஏமி திருநெல்வேலியில் கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பியபோது, இது மனத்தைச் சோர்வடையச் செய்கிறது, உற்சாகமானதாக எழுதித் தாருங்கள் என்று கையெழுத்துப்படி திரும்பி வந்தது. 'திங்ஸ் ஆஸ் தே ஆர்' என்ற அந்தப் புத்தகம் 1903-இல்தான் அச்சேறியது. அவ்வளவு பிடிவாதம் உள்ளவருக்கே இந்தக் கதி என்றால், மாதச் சம்பளத்தை நம்பி டயகமவில் ஒரு காம்பராவில் இருக்கும் இளம் பெண் ஜெபக் கடிதத்தில் என்ன எழுதுவாள்? ஞாயிறு பாடசாலைக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று எழுதுவாள். ஞானஸ்நானம் பெற்றவர்களின் படத்தை வைப்பாள். ஒரு வருடம் முழுவதும் நாலு பெண்களின் துயரத்தைக் கேட்டதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்று எழுத அவளுக்குத் தைரியம் வராது. அந்தத் தைரியத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டியது சபைதான்.

இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள தோட்டங்களில் இதன் விளைவு இன்னும் மோசம். எண்ணிக்கை கேட்கப்படும்போது நோயாளிக்குக் கொடுக்கிற கஞ்சியும், பிள்ளைக்குக் கொடுக்கிற கொப்பியும் எண்ணிக்கைக்கான முதலீடாக மாறிவிடும். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒன்றாகக் காசு போட்ட லயத்தில் பிளவு வரும். பழி விழுவது தூரத்துச் சபையின்மேல் அல்ல, அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் அந்தப் பெண்ணின்மேல். உதவியையும் ஞானஸ்நானத்தையும் ஒரே கடிதத்தில் சேர்த்து எழுதச் சொல்வதை அனுப்புகிற சபைகள் இன்றே நிறுத்த வேண்டும்.

இன்னொரு குறை, யாருக்குக் கைவைத்து ஜெபிக்கிறோம் என்பது. ஏமியோடு ஊர் ஊராகப் போனவர்களில் இளம் விதவையான பொன்னம்மாளும் ஒருவர். நெய்யூரில் கைக்குழந்தைகள் விடுதியைப் பொறுப்பெடுத்து நடத்தியவர், 1915-இல் இறந்தார். ஏமி அவரைப்பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுத்த வேத ஸ்திரீகளில், அப்படி எழுத ஒருவர் வாய்க்காதவர்கள் எத்தனை பேர்! கடல்கடந்த சபைகள் 'ஒரு வேத ஸ்திரீக்கு இவ்வளவு' என்று பணம் அனுப்பின, அறிக்கைகளில் அவர்கள் பெரும்பாலும் எண்களாகவே நின்றார்கள். இன்றும் வெளியிலிருந்து வருகிறவள் மிஷனரி, கொழுந்து பறித்துவிட்டு மாலையில் லயம் லயமாகப் போய் ஜெபிக்கிற தோட்டத்துப் பெண் 'உதவிக்கு இருக்கிற அக்கா'. தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் ஒரு பெண்ணை ஆயராக அபிஷேகம் செய்தது, 2013-இல் ஒரு பெண் பேராயரானார். ஆனாலும் ஊழியத்துக்கு அனுப்பப்பட்ட ஆண் சில வருடங்களில் ஆயராகிவிடுவதும், பெண் தலை நரைக்கும்வரை 'சிஸ்டர்' ஆகவே இருந்து, சேமிப்பு ஒன்றும் இல்லாமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்புவதும் பல சபைகளில் சகஜமாக நடக்கிறது. தாங்குவோம் என்ற வாக்கு முதுமைக்கும் சேர்த்துத்தான் என்று எந்த ஆராதனையிலும் வாசிக்க நான் கேட்டதில்லை.

அனுப்புவதற்குப் பணக்காரச் சபையாக இருக்கத் தேவையில்லை. 1902-இல் யாழ்ப்பாணம் வந்த திருநெல்வேலிக்காரரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்கிருந்த மாணவர்கள் தங்கள் காசில் தமிழ்நாட்டுக்கு ஊழியரை அனுப்பியிருந்ததைக் கண்டு வெட்கமும் உற்சாகமும் அடைந்தார். அடுத்த ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. மிசோரத்தில் பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்தே 1910 முதல் ஊழியத்தைத் தாங்கிவருகிறார்கள். டயகமத் தோட்டத்துச் சபைகளாலும் இது முடியும். 2024-இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டபோதும், முழுப்பேர் கிடைக்காத நாட்கள் ஏராளம் என்பதை அறிந்தே சொல்கிறேன். தங்களுக்குள்ளிருந்து ஒரு பெண்ணைத் தெரிந்தெடுத்து, தங்கள் அரிசியில் தாங்கினால், அவளிடம் அவர்கள் படம் கேட்கமாட்டார்கள். அவள் எந்த வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்று அவர்களுக்கே தெரியும்.

கொழும்பிலும் தமிழ்நாட்டிலும் இருந்து அனுப்புகிற சபைகள் வருடத்துக்கு ஒருமுறையாவது தங்கள் பெண்களில் இரண்டுபேரைக் கமெரா இல்லாமல் டயகமவுக்கு அனுப்பட்டும். அவர்கள் அந்த மிஷனரியின் காம்பராவிலேயே படுத்து எழும்பி, காலையில் பெரட்டுக்குப் போகிற பெண்களோடு கொழுந்து மலைவரை நடந்துவிட்டு, திரும்பிப்போய் அடுத்த வருட மிஷனரிப் பட்ஜெட்டை எழுத உட்காரட்டும்.