'சகோதரி' என்னும் சொல்: 'அவள் அப்படித்தான்' திரைப்படத்தைக் குறித்து

திரைப்படங்களைப் பற்றி நாம் எழுதும்போது, இயேசுவின் வாழ்வைக் காட்டும் படங்களையோ, வெள்ளை அங்கியணிந்த சாதுவான குருவானவர் ஒருவர் வந்துபோகும் படங்களையோ தெரிந்தெடுப்பது வழக்கம். ருத்ரய்யா இயக்கி 1978ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி வெளிவந்த 'அவள் அப்படித்தான்' இவ்விரு வகையிலும் சேராது. அதில் வரும் கிறிஸ்தவன் ஒரு பாதிரியாரின் மகன். பாதிரியாருக்கு மகன் இருக்கிறான் என்றால் அவர் நம் தரப்பைச் சேர்ந்தவர்தான் என்று கொள்ளலாம். அவன் நடத்தையோ நமக்குப் பெருமை சேர்ப்பதன்று. ஆகவேதான் இப்படத்தை நம் மாணவர்கள் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ருத்ரய்யா அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். திரைக்கதையில் அவரோடு எழுத்தாளர் வண்ணநிலவனும் பங்குகொண்டார், இசை இளையராஜா. வண்ணப்படங்கள் பெருகிவிட்ட காலத்தில் இதனைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தனர். கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீபிரியா ஆகிய பெயர்பெற்ற நடிகர்கள் இருந்தும் படம் வெளிவந்தபோது மக்கள் ஆதரவு கிட்டவில்லை. தமிழக அரசு அவ்வாண்டின் சிறந்த படங்களுள் இரண்டாம் பரிசை இதற்கு அளித்தது. ருத்ரய்யா அதன்பின் 1980இல் 'கிராமத்து அத்தியாயம்' என்னும் ஒரே ஒரு படத்தை இயக்கி முடித்து, 2014இல் மறைந்தார். இன்று இப்படத்தைப் போற்றுவோர் பலர். எனினும் நம் குருமனைகளில் இதன் பெயரையேனும் அறிந்தவர்கள் மிகச் சிலரே.

கதை சிறியது. பெண்களின் நிலையைக் குறித்து ஆவணப்படம் எடுக்க வரும் அருணுக்கு (கமல்ஹாசன்) உதவும்படி, விளம்பர நிறுவனம் நடத்தும் அவன் நண்பன் தியாகு (ரஜினிகாந்த்), தன்னிடம் பணிபுரியும் மஞ்சுவை (ஸ்ரீபிரியா) அனுப்புகிறான். மஞ்சு கூரிய நாவுடையவள். எவரையும் எளிதில் நம்பாதவள். தாயின் தகாத உறவையும், அதைக் கண்டும் பேசாதிருந்த தந்தையின் கோழைத்தனத்தையும் கண்டு வளர்ந்தவள். அவளுடைய முதற்காதல் கைவிடப்பட்டது. அந்தத் துயரத்தில் ஆறுதல் அளிக்க வந்தவன்தான் மனோ (சிவச்சந்திரன்), பாதிரியாரின் மகன். ஆறுதல் உறவாகிறது, உறவு உடலளவும் செல்கிறது. பின்னர்ப் பெற்றோர் முன்னிலையில் அவளைச் சகோதரி என்று சொல்லிக் கைகழுவிவிடுகிறான்.

படத்தின் ஆணிவேர் இந்தக் காட்சியே என்பது என் கருத்து. மனோ அவளை வையவில்லை, அடிக்கவில்லை. சபையில் நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் மிகப் பரிசுத்தமான ஒன்றை எடுத்து, அதைக் கொண்டே கதவைச் சாத்துகிறான். சகோதரி என்று அழைக்கப்பட்டவள் மறுத்துப் பேச இயலாது. பேசினால் பாவியாகிறவள் அவள்தான். கேவலமான ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவள் திருப்பி அடித்திருக்கலாம்.

இதைக் கிறிஸ்தவத்தின்மேல் வீசிய அவதூறு என்று முகம் சுளிப்போர் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்கள் ஆதியாகமத்தை மறந்தவர்கள். எகிப்திலும் பின்பு கேராரிலும் ஆபிரகாம் தன் மனைவியைச் சகோதரி என்றே சொன்னான். அது பாதி உண்மை என்று பின்னர் விளக்கமும் கொடுத்தான். அதனால் அவன் உயிர் தப்பியது; எகிப்தில் ஆடுமாடுகளும் கிடைத்தன. சாராளோ பார்வோனின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டாள். ஈசாக்கும் அதே பொய்யைச் சொன்னான். விசுவாசத்தின் தகப்பன்மாரே அஞ்சிய நேரத்தில் பற்றிக்கொண்ட சொல் இது. 2 சாமுவேல் 13இல் இது தலைகீழாக நிகழ்கிறது. அம்னோன் தாமாரைச் சகோதரி என்று அழைத்துக்கொண்டே கெடுக்கிறான். கெடுத்தபின் அந்த உறவுச்சொல்லைப் பறித்துக்கொண்டு, யாரோ ஒருத்தியைப் போல வெளியே தள்ளச் சொல்கிறான். மனோ கெடுத்தபின் உறவுச்சொல்லைக் கொடுக்கிறான். இரண்டில் எது கொடியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தாமார் சாம்பலைத் தலையில் போட்டுக்கொண்டு ஓலமிட்டுப் போனாள். வாயை மூடிக்கொண்டிருக்கும்படி அவளுக்குப் புத்தி சொன்னவன் அவள்மேல் அன்புள்ள அப்சலோம். மஞ்சு வாயை மூடுவதில்லை. அவளுடைய கடுஞ்சொற்களைத் தாமாரின் ஓலமாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கே இப்படம் விளங்கும்.

தியாகுவின் பாத்திரம் இதைவிட வெளிப்படையானது. நெற்றியில் திருநீறு, கையில் மதுக்கிண்ணம், வாயில் பெண்களைப் பற்றிய இழிமொழி. தன்கீழ் வேலை செய்பவளை அணுக முயன்று அறை வாங்குகிறான். அக்காலத்து ரசிகர்கள் இதை வேடிக்கையாகக் கொண்டிருக்கலாம். திண்டுக்கல் சமவெளியில் ஊழியம் செய்யும் நமக்கு அது வேடிக்கையன்று. வேடசந்தூர், வடமதுரைப் பகுதி நூற்பாலைகளுக்கும் ஆயத்த ஆடை ஆலைகளுக்கும் நம் சபைப் பிள்ளைகள் வண்டியேறிப் போகின்றனர். 2021 ஜனவரியில் இம்மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். அவளுடைய மேற்பார்வையாளர்மீதே குற்றம் சாட்டப்பட்டது. பெண்கள் தலைமையேற்று நடத்தும் தொழிற்சங்கம் விடாது போராடியதன் பயனாக, வேலையிடத்தில் பெண்கள்மீதான வன்முறையைத் தடுக்கும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' 2022இல் கையெழுத்தாயிற்று. நம் ஊரின் பெயர் உலகெங்கும் பேசப்படுவது இப்போது பூட்டினால் மட்டுமன்று. அந்நாட்களில் நம் பிரசங்கபீடங்களில் மகளிர்க்கு அடக்கத்தைக் குறித்துப் போதித்தவர்கள் எத்தனை பேர், மேற்பார்வையாளர்களைக் குறித்துப் பேசியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நல்லவனாகிய அருணைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த தயக்கம். அவன் கேட்கத் தெரிந்தவன், பரிவுள்ளவன். நாமெல்லாரும் நம்மை அருணாகவே எண்ணிக்கொள்வோம். ஆயினும் மஞ்சுவின் காயங்களைக் கேட்டறிந்த அவன், முடிவில் கேள்வி கேட்கத் தெரியாத சிற்றூர்ப் பெண் ஒருத்தியை (சரிதா) மணந்துகொண்டு வருகிறான். யோவான் 4ஆம் அதிகாரத்துச் சமாரியப் பெண்ணிடம் பேசியவர், அவளுடைய வாழ்வை அறிந்தபின்னும் உரையாடலை முறிக்கவில்லை. தொழுகையைப் பற்றிய ஆழ்ந்த போதனையை அவளுக்கே அளித்தார். அருணின் பரிவுக்கு அந்த நீளம் இல்லை. ஆலோசனைப் பணி பயிலும் மாணவர்கள் அருணின் முகத்தையே அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பாத்திரங்கள் சில இடங்களில் கட்டுரை வாசிப்பதுபோல் பேசுகின்றன. மஞ்சுவின் மனக்கோணலுக்குத் தாயின் ஒழுக்கத்தைக் காரணமாக்கியது பழைய நாடகங்களின் வாசனை. பெண்ணுக்காக வாதாட வந்த படம் இன்னொரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டியதில்லை. ஆனால் நெருக்கமாக நின்று முகங்களை ஆராயும் நல்லுசாமி, ஞானசேகரன் ஆகியோரின் ஒளிப்பதிவும், இரவுக் காட்சிகளின் மங்கலும் அக்குறைகளைப் பெரும்பாலும் மறக்கச் செய்கின்றன.

இறுதிக் காட்சியில், பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று அருணின் மனைவியிடம் மஞ்சு கேட்கிறாள். தனக்கு அது தெரியாது என்கிறாள் அவள். அதனால்தான் நீ மகிழ்ச்சியாய் இருக்கிறாய் என்னும் பொருள்பட மஞ்சு பதில் சொல்லி, நடுவழியில் இறங்கிக்கொள்கிறாள். அவள் செத்துச் செத்துப் பிறப்பவள் என்கிறது பின்னணிக் குரல். மறுபிறப்பைக் குறித்து நாம் நிறையப் பேசுகிறோம். அது நிக்கொதேமுவுக்கு ஓர் இரவில், ஓர் உரையாடலில் வழங்கப்பட்ட அழைப்பு. மஞ்சுவுக்கோ ஒவ்வோர் ஆணும் ஒரு மரணம். ஒவ்வொரு பிறப்பும் அவள் தனியே, யார் துணையுமின்றிப் பிறக்கும் பிறப்பு. கார் போய்விடுகிறது. அவள் சாலையில் நிற்கிறாள்.