தூங்கும் டிரைவை எவ்வளவு ஆழத்தில் தூங்கவிடுவது?

மடிக்கணினியைச் சில நொடிகள் தொடாமல் இருந்துவிட்டு ஒரு கோப்பைத் திறக்கிறோம். திரைக்குப் பின்னால் எஸ்.எஸ்.டி. உறங்கிப்போயிருக்கிறது; அது எழுந்த பிறகுதான் கோப்பு வரும். என்.வி.எம்.இ. வகை டிரைவ்களில் இந்த உறக்கத்துக்குப் படிகள் உண்டு. பரவலாக விற்பனையான ஒரு டிரைவின் கணக்கைப் பாருங்கள். அதன் மூன்றாம் நிலையில் மின்செலவு 40 மில்லிவாட், அதிலிருந்து எழ ஆகும் நேரம் 1.2 மில்லி நொடி. நான்காம் நிலையில் மின்செலவு 5 மில்லிவாட்தான். ஆனால் எழுவதற்கு 8 மில்லி நொடி.

விழித்திருக்கும் நாண்ட் ஃபிளாஷ் ஒரு பக்கத்தைப் படிக்க 100 மைக்ரோ நொடி போதும். அதனோடு ஒப்பிட்டால் 8 மில்லி நொடி எண்பது மடங்கு. பழைய ஹார்டு டிஸ்க்கின் தலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நேரமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். எதை விட்டுவிட்டு ஃபிளாஷுக்கு வந்தோமோ, அதன் வேகத்துக்கே அந்த ஒரு கணம் திரும்பிவிடுகிறோம்.

ஃபிளாஷ் செல்லைக் குறை சொல்வது நியாயமில்லை. மின்சாரம் நின்றாலும் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் அங்கேயே இருக்கும். அதை எழுப்ப வேண்டிய தேவையே இல்லை. சிறு கருவிகளில் நிரலைத் தாங்கும் நார் ஃபிளாஷ் சிப்களில் ஒரு குடும்பம், ஆழ்ந்த மின்குறைப்பிலிருந்து 3 மைக்ரோ நொடியில் எழுந்துவிடும் என்கிறது அதன் தரவுத்தாள். தாமதமெல்லாம் எஸ்.எஸ்.டி.யில் செல்லைச் சூழ்ந்திருக்கும் பரிவாரத்தால் வருவது. பி.சி.ஐ.இ. இணைப்பு உயிர்பெற வேண்டும். கடிகாரம் நிலைகொள்ள வேண்டும். கண்ட்ரோலர் விட்ட இடத்தை மீட்க வேண்டும். எந்தத் தரவு எங்கே கிடக்கிறது என்று சொல்லும் மேப்பிங் அட்டவணை கைக்கு வர வேண்டும். ஒரு டெராபைட் டிரைவுக்கு அந்த அட்டவணை மட்டுமே ஏறக்குறைய 1 ஜி.பி. எழுதுவதற்கு வேண்டிய சுமார் 20 வோல்ட்டை உள்ளிருக்கும் சார்ஜ் பம்ப் சிறு மின்னழுத்தத்திலிருந்து படிப்படியாக ஏற்றித்தான் தரும்.

எப்போது தூங்குவது என்ற முடிவு டிரைவிடமே விடப்படுகிறது. கணினி அதற்கு ஒரு கால அட்டவணையை மட்டும் கொடுத்துவைக்கும். இதற்கான ஆதரவு லினக்ஸ் கர்னலில் 2017-இல், 4.11 பதிப்பில் வந்தது. அப்போதைய விதி எனக்குப் பிடித்தமானது: தூங்கவும் எழவும் ஆகும் மொத்த நேரத்தைப்போல் ஐம்பது மடங்கு சும்மா இருந்தால் மட்டும் தூங்கு. மேலே சொன்ன டிரைவின் நான்காம் நிலைக்கு மொத்தம் 10 மில்லி நொடி. எனவே அரை நொடி காத்திருக்கும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே வீணாகும் காலம் இரண்டு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும்.

இந்த விதியிலும் ஓட்டை இருந்தது. தன் தாமதத்தைத் தாராளமாக அறிவிக்கும் டிரைவ் நெடுநேரம் விழித்தே கிடந்தது. குரோம்புக் மடிக்கணினிகளுக்குக் கட்டாயமான மின்செலவுச் சோதனைகளில் தேற முடியவில்லை. 2021-இல் விதி மாறியது. மொத்தத் தாமதம் 15 மில்லி நொடிக்குள் என்றால் 100 மில்லி நொடி சும்மா இருந்ததும் தூங்கலாம். 100 மில்லி நொடிக்குள் என்றால் 2 நொடி காத்திருக்க வேண்டும். மின்சாரம் மிச்சமானது உண்மை. ஆனால் 15 என்று அறிவித்த டிரைவுக்கும் 16 என்று அறிவித்த டிரைவுக்கும் காத்திருப்பில் இருபது மடங்கு வேறுபாடு. அறிவிப்பு எண்ணைச் சற்றே குறைத்துச் சொல்லத் தயாரிப்பாளருக்கு ஆசை காட்டும் விதி இது. 150 மில்லி நொடிக்கு ஒருமுறை எதையாவது கேட்கும் செயலி இருந்தால், நம் டிரைவ் ஒவ்வொரு முறையும் கண்ணயர்ந்து ஒவ்வொரு முறையும் எழுப்பப்படும்.

இதற்கு எதிர்முனையில் இருப்பவர்கள் தாமத உச்சவரம்பைப் பூஜ்யமாக்கி உறக்கத்தையே தடை செய்யச் சொல்கிறார்கள். டிரைவ் திடீரென்று காணாமல் போனால் கர்னலின் பிழைச்செய்தியே இந்த வழியைக் காட்டுகிறது. கோளாறைக் கண்டுபிடிக்க அது நல்ல சோதனை; நிரந்தர மருந்தாக அதை ஏற்க எனக்கு மனமில்லை. விழித்துச் சும்மா இருக்கும் டிரைவ் ஒரு வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால் பத்து மணி நேரத்தில் 10 வாட்-மணி போகும். 50 வாட்-மணி பேட்டரியில் அது ஐந்தில் ஒரு பங்கு.

இனி அந்த இரண்டு நிலைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் நிலைக்குப் போனால் அந்த 10 வாட்-மணியில் 9.6 மிச்சம். அங்கிருந்து நான்காம் நிலைக்கு இறங்கினால் கூடுதலாகக் கிடைப்பது 0.35 வாட்-மணி, பேட்டரியில் ஒரு விழுக்காடுகூட இல்லை. அதற்கு விலையாக விழிப்புத் தாமதம் ஏறக்குறைய ஏழு மடங்காகிறது. விறகடுப்பை இரவில் முழுக்க அணைக்காமல் தணலைச் சாம்பல் மூடி வைத்த வீடுகளில் காலையில் தீப்பெட்டி தேடவில்லை; ஊதினால் போதும். மூன்றாம் நிலை அந்தத் தணல். மனிதர் எதிரே உட்கார்ந்து வேலை செய்யும்போது டிரைவ் அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் துணிபு. மூடி வைத்த கணினி நாள்கணக்கில் காத்திருக்கும்போது நான்காம் நிலை தாராளமாக வரட்டும்.

கர்னலிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஆழ்நிலையிலிருந்து சரியாக எழாத டிரைவ்களுக்கென்று அங்கே ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு விலக்கு, கடைசி நிலையை மட்டும் தடுத்து மற்றவற்றை விட்டுவைக்கிறது. பழுதுக்காகச் செய்த அந்த ஏற்பாட்டை நல்ல டிரைவுக்கும் வேலை நேரத்தில் பொருத்தலாம். எவ்வளவு தாமதம் தாங்கும் என்று ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாகச் சொல்லும் வசதியும் கர்னலில் ஏற்கெனவே இருக்கிறது. பேட்டரியில் ஓடுகிறதா, மூடி திறந்திருக்கிறதா என்பதெல்லாம் இயங்குதளத்துக்குத் தெரியும். தெரிந்ததை டிரைவிடம் சொல்வதில்தான் சுணக்கம்.

எழுத வேண்டிய தரவைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பி, எழுப்பும் தடவைகளைக் குறைப்பது இன்னொரு வழி. நல்லதுதான், ஆனால் இடையில் மின்சாரம் போனால் சேர்த்துவைத்தது போய்விடும். ஆசிரியர் ஒருவரின் மதிப்பெண் பட்டியல் அந்த இடைவெளியில் இருந்தால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

டிரைவ் அறிவிக்கும் விழிப்புத் தாமதம் அதிகபட்ச அளவு. அன்றாடம் உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பதை அது சொல்லாது. டிரைவ்களை மதிப்பிடுவோர் தொடர்ந்து படிக்கும் வேகத்தை நொடிக்கு இத்தனை ஜி.பி. என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மூன்று நொடி சும்மா விட்டு ஒரே ஒரு 4 கே.பி.யைப் படித்து, அதற்கான நேரத்தை ஆயிரம் முறை அளந்து, அதில் மிக மோசமான பத்தையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும்.